ஏழடித் தண்ணீர்

சாலை மறியலின் மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அளவுக்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வீரமுத்து, பத்தடி நடந்ததும் நின்றான். கண் ஏமாற்றியிருக்கும் என்று நினைத்து மறுபடியும் படியிறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான். ஏமாற்றவில்லை. தண்ணீர் ஏறியிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் ஆறடி பதினொரு அங்குலம். இப்போது ஏழடி. ஏழு என்று எழுதிய வெள்ளை எண்ணின் அடிக்கோட்டைத் தொட்டுக்கொண்டு, அலையாமல், நடுங்காமல், யாரோ உள்ளங்கையால் அமர்த்தி வைத்ததைப்போலத் தண்ணீர் நின்றது.

ஆடியிலிருந்து மழை இல்லை. கல்வராயன் மலையிலிருந்து நெல்லிமடு அணைக்கு வரும் ஓடை வெறும் கல்லும் மணலுமாகக் கிடந்தது. வெயில் ஒரு பங்கைக் குடிக்கும், கரை ஒரு பங்கைக் கசியவிடும். அணைத் தண்ணீர் தினமும் கொஞ்சமாவது இறங்கியே தீரும். மதகைத் திறப்பதும் மூடுவதும் அளவு பார்ப்பதுமாகப் பதினாறு வருஷம் இங்கே லஸ்கர் வேலை பார்த்த வீரமுத்துவுக்கு அந்த இறக்கம் தன் மூச்சைப்போலப் பழகியது. மழை இல்லாமல் ஏறிய தண்ணீரை அவன் பார்த்ததில்லை.

கரைமேல் ஏறி நின்று காது கொடுத்தான். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் ஓடக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸின் முனகல் இல்லை, மரவள்ளி ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரி இல்லை, அதிகாரிகளின் ஜீப் இல்லை. காற்றில் வெட்டுப்பட்ட பச்சை மரத்தின் புளிப்பு வாசனையும், எங்கோ எரிந்த டயரின் வாசனையும் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மதகுச் சுரங்கத்தின் வாசனை. பாசியும் இரும்புத் துருவும் மீன் செதிலும் சேர்ந்த குளிர்ந்த வாசனை. மதகு மூடியிருக்கும்போது அது கரைமேல்வரை வருவதில்லை.

கரைக்குக் கீழே இரண்டு ஓட்டு வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. ஒன்று அவனுடையது. மற்றதன் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பூட்டைப் போட்டவன் வீரமுத்துதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அந்த வீடு காலியாக இருந்தது. அவன் மனைவி பச்சையம்மாள் அதில் விறகும் வறட்டியும் அடுக்கி வைத்திருந்தாள். அப்போதெல்லாம் தண்ணீர் வீரமுத்துவினுடையது. அரசாங்கத்தினுடையது என்றுதான் பலகையில் எழுதியிருந்தது, ஆனால் மதகைத் திறக்கும் சக்கரம் அவன் கையில் இருந்தது. கீழே பாசனம் வாங்கும் கீழ்மடு விவசாயிகள் மதகடிக்கு வந்து, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். "ரெண்டு சுத்து ஜாஸ்தியா வைங்கண்ணே, கடமடை காஞ்சிக்கினு கெடக்குது" என்பார்கள். அவன் உடனே பதில் சொல்லமாட்டான். தண்ணீரைப் பார்ப்பான், மலையைப் பார்ப்பான். அவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் அவனுக்குப் பிடிக்கும். சம்பளத்தைவிடப் பிடிக்கும்.

பிறகு மீன்வளத் துறையிலிருந்து வியாகுலம் அந்த வீட்டுக்குக் குடிவந்தான். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். இருபத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. ஜீப்பில் தகர டின்களில் கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் கொண்டுவந்து, டின் தண்ணீரும் அணைத் தண்ணீரும் ஒரே சூடாகும்வரை காத்திருந்து, பிறந்த குழந்தையைப் படுக்கவைப்பதுபோல இறக்கிவிட்டான். ஒரே வருஷத்தில் மீன் முழங்கை நீளம் வளர்ந்தது. மலைக்காரர்கள் வலை போட்டுப் பிடித்து விற்றார்கள்.

இந்த வருஷம் பஞ்சம் வந்ததும் சண்டை வந்தது. மிச்சத் தண்ணீரையெல்லாம் பயிருக்குத் திறக்கச் சொன்னார்கள் கீழ்மடுக்காரர்கள். ஒரு சொட்டும் திறக்கக் கூடாது, மீன் செத்துவிடும் என்றார்கள் மலைக்காரர்கள். ஆற்றோரக் கிராமங்களில் குடிதண்ணீர்க் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. வியாகுலம் ஒரு மாதம் ஊர் ஊராக நடந்தான். ஏழடிவரை பயிருக்கு, கடைசி ஏழடியும் மீனுக்கும் குடிதண்ணீருக்கும், மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் இரண்டே சுற்றுத் திறந்தால் ஆற்று மடுக்கள் உயிரோடு இருக்கும், கிணறும் ஊறும், ஓடை நின்றுபோனாலும் கார்த்திகை மழைவரை தாக்குப்பிடிக்கலாம். அவன் இதைச் சொன்ன கூட்டத்தில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் விஷயத்தில் சத்தமில்லாத கூட்டத்தை வீரமுத்து அதுவரை பார்த்ததில்லை. பெரிய அதிகாரி அதையே உத்தரவாகப் போட்டார்.

சக்கரம் அப்புறமும் வீரமுத்துவின் கையில்தான் இருந்தது. எப்போது சுற்றுவது, எத்தனை சுற்று என்பது மட்டும் இன்னொருவன் வாயிலிருந்து வந்தது. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பவர்கள் இப்போது பக்கத்து வீட்டு வாசலில் நின்றார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான். மீனைத்தான் தாங்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் வியாகுலம் தண்ணீரோரம் குந்தி மூன்று முறை கை தட்டுவான். அணை முழுக்கச் சிதறிக்கிடந்த மீன் அத்தனையும் முதுகு தெரிய அவனிடம் வரும். ஒருநாள் அவன் இல்லாத நேரத்தில் வீரமுத்து ஒரு படி தவிட்டோடு போய்க் குந்தி, சுற்றும் பார்த்துவிட்டுத் தட்டினான். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினான். தவிடு தண்ணீரில் ஊறி அப்படியே மிதந்தது. நிமிர்ந்தபோது கரைமேல் குடத்தோடு பச்சையம்மாள் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"கையில ஈரம் பண்ணிக்கினு தட்டணுங்க," என்றாள். "அந்தப் புள்ள அப்படித்தான் தட்டும்."

இது தெரிய அவள் எத்தனை சாயங்காலம் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

மறியலின் முதல் நாள் காலை வியாகுலம் அலுமினியக் குண்டானோடு மதகுச் சுரங்கத்துக்குப் போனான். மதகு திறக்கும்போதெல்லாம் சில மீன்கள் ஷட்டருக்கு அடியில் நழுவிச் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொள்ளும். குனிந்துதான் உள்ளே போக முடியும். கரைக்கு அடியில் அறுபது அடி இருட்டு, அதன் முடிவில் ஷட்டர், ஷட்டருக்கு அந்தப்பக்கம் அணை. அவன் போய் அந்த மீன்களைப் பொறுக்கி வந்து மறுபடி அணையில் விடுவான்.

"அண்ணே, உள்ள போறன்," என்று கீழேயிருந்து கூப்பிட்டுச் சொன்னான். "சக்கரத்துல கை வெக்காதீங்க."

வீரமுத்து மதகுக் கோபுரத்தின்மேல் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் பதினாறு வருஷத்தில் அந்தச் சக்கரத்தில் கை வைக்காதே என்று அவனிடம் சொன்ன முதல் ஆள் வியாகுலம். நனையட்டும் என்றுதான் நினைத்தான். கொஞ்சம் நனைந்து, குண்டானை விட்டுவிட்டு, தவழ்ந்து வெளியே ஓடி வரட்டும். ஒரு சுற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. ஆறு சுற்றுப் போனது.

கீழே ஒரு மொத்தல் கேட்டது. பிறகு சுரங்க வாயிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் பாய்ந்தது. குண்டான் வந்தது. மீன்கள் வந்தன. அவன் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூடினான். மூடும்போது கடைசிச் சுற்றில் ஷட்டர் எதன்மேலோ அழுந்தியது. முழு பலத்தையும் கொடுத்து இறுக்கினான். கரையில் கிடந்த வியாகுலத்தின் செருப்பைப் புதரில் வீசினான். பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், "வியாகுலம் அவங்க ஊருக்குக் கெளம்பிட்டான், மறியல் முடிஞ்சாத்தான் வருவான்" என்று மனைவியிடம் சொன்னான். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது, மூன்றாம் நாள் காலையில், ஏழடி.

உச்சி வெயிலில் கீழ்மடு கொளஞ்சியப்பன் வரப்பு வழியாக நடந்து வந்தார். ஐம்பது வயதுக்காரர், கடைமடை விவசாயி, தண்ணீர்ச் சண்டையில் எப்போதும் முன்னால் நிற்பவர். வந்ததும் துண்டைக் கையில் எடுத்தார். வீரமுத்துவுக்குப் பழைய சந்தோஷம் ஒரு கணம் எட்டிப்பார்த்தது. அவரோ, பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சாரு இல்லைங்களா? இருந்தா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தன்."

"இன்னா வார்த்த?"

"அதான், சொன்னாப்பல இன்னிக்குக் காத்தால தண்ணி வந்துச்சில்ல. ஆத்து மடுவு நெறஞ்சிக்கினு இருக்குது. எங்க வூட்டுக் கெணத்துல ரெண்டு படி ஏறிடுச்சி."

வீரமுத்து மதகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். முதல் நாளுக்குப் பிறகு அவன் மதகைத் தொடவில்லை.

"எப்ப சொன்னான்?"

"நேத்து சாயந்தரம். வாய்க்கா மதகாண்ட நின்னுகினு இருந்தாரு. சட்டையெல்லாம் ஈரம். இன்னா சார் மழையே இல்ல, நனஞ்சி கெடக்கறீங்கன்னு கேட்டன். பேசல. ரெண்டு வெரலு காட்டினாரு. ரெண்டு சுத்துன்னு புரிஞ்சிக்கினன்." கொளஞ்சியப்பன் கொஞ்சம் தயங்கினார். "தொண்ட கட்டிக்கினு இருக்குது போல. வாயத் தொறந்தாரு, தண்ணி தான் வந்துச்சி."

அவர் போனபிறகு வீரமுத்து வாய்க்காலுக்கு ஓடினான். வாய்க்கால் காய்ந்து, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஈரத்தின் சுவடுகூட இல்லை. குனிந்து ஒரு பாளத்தைக் கையில் எடுத்தான், பொடியாக உதிர்ந்தது. பயத்துக்கு அடியில், பயத்தைவிடச் சூடாக, வேறொன்று எரிந்தது. திறக்காத மதகுக்கும் வியாகுலத்துக்குத்தான் கும்பிடு. செத்தபிறகும் அவனுக்குத்தான்.

நான்காம் நாள். ஏழடி. விடிந்தபோதும் ஏழடி, வெயில் கல்லைப் பிளந்த மத்தியானத்திலும் ஏழடி. மலைக்காரி சாலம்மாள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, கரையில் அவனைக் கடந்து போனாள். "இன்னிக்கு வல போடக்கூடாதுன்னு சாரு கைய காமிக்கறாரு. அவரு சொன்னா சரிதான்" என்றாள். அவள் திரும்பிப் பார்த்த திசையில் தண்ணீர் மட்டுமே இருந்தது. அவள் அந்தத் தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மலையேறிப் போனாள்.

வீட்டுக்கு வந்தான். அடுப்பில் குழம்பு கொதித்தது. பச்சையம்மாள் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள். ஒன்றில் சோறு போட்டு அவன் முன் வைத்தாள். மற்றதில் போட்டு, வாழையிலையால் மூடினாள்.

"அது யாருக்கு?"

"பக்கத்து வூட்டுக்குத்தான்."

"அவன் ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னேன்ல."

"வந்துட்டாருங்க. கதவு பூட்டிக்கினு இருக்குது, ஆனா உள்ள சத்தம் கேட்டுக்கினே இருக்குது." அவள் பொதுச் சுவரைப் பார்த்தாள். "கை தட்டறாரு. ஈரக் கை."

வீரமுத்து சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டான். ஓட்டின்மேல் காக்கை நடக்கும் சத்தம். விறகு வெடிக்கும் சத்தம். பிறகு சுவருக்கு அந்தப்பக்கம், தாழ்வாக, தரைக்குப் பக்கத்திலிருந்து, சதையும் சதையும் ஈரத்தோடு ஒட்டிப் பிரியும் சத்தம். மூன்று முறை. நிறுத்தம். மறுபடி மூன்று.

அவள் முகத்தைப் பார்த்தான். அதில் பயம் இல்லை. காத்திருந்த ஆள் வந்து சேர்ந்தால் வரும் நிம்மதி மட்டும் இருந்தது. தனக்காக அந்த முகம் எப்போதாவது அப்படி ஆனதுண்டா என்று அவன் யோசித்தான். ஞாபகம் வரவில்லை. எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

கதவைத் திறந்தபோது குளிர் முகத்தில் மோதியது. உள்ளே யாரும் இல்லை. கயிற்றுக் கட்டில், மடித்த லுங்கி, மாதா படம், மூலையில் புண்ணாக்கு மூட்டை. எல்லாம் உலர்ந்திருந்தது. மூச்சு விட்டான். திரும்பும்போதுதான் சுவரைப் பார்த்தான். சுண்ணாம்புச் சுவரில் நான்கு பக்கமும் ஒரே மட்டமாக ஒரு கோடு ஓடியது. அணைத் தண்ணீர் இறங்கும்போது மதகுக் கோபுரத்தில் படியுமே, அதே பழுப்புக் கோடு. பாசி இன்னும் பச்சையாக, ஈரமாக இருந்தது. கோடு அவன் தலைக்கு மேலே இருந்தது. கையை உயர்த்தித்தான் தொட முடிந்தது. ஏழடி இருக்கும். அளக்கத் தேவையில்லை.

அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். காது அடைத்தது. ஆழத்தில் முங்கினால் அடைக்கும், அந்த மாதிரி. மூச்சை உள்ளே இழுக்கப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். நான்கு எட்டுத் தூரம். கால் மெதுவாகத்தான் போனது. மெதுவாக. கன்னத்தை ஏதோ வழவழப்பாக உரசிக்கொண்டு போனது. காற்றில் ஒன்றும் இல்லை. மறுபடி உரசியது.

வெளியே வந்து விழுந்தான்.

பச்சையம்மாள் மூடிய தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "சாப்டட்டும்," என்றாள்.

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. ஓடிவிடலாம் என்று ஒரு முறை நினைத்தான். ரோடெல்லாம் மரம். நடந்து போனால் கீழ்மடு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு வாயும் சாரு சாரு என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு போக முடியாது. விடியும்போது மனம் ஒரு இடத்தில் வந்து நின்றது. வியாகுலத்திடம் இருப்பது என்ன? ஏழடித் தண்ணீர். அதில் மீன். அதை நம்பி ஜனம். தண்ணீர் இல்லாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் கை தட்ட ஒன்றும் இல்லை. கும்பிட ஆளில்லை. பிறகு எல்லாரும் காய்ந்த தொண்டையோடு யாரிடம் வருவார்கள்? சக்கரம் யார் கையில் இருக்கிறதோ அவனிடம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மதகுக் கோபுரத்துக்குப் போனான். சக்கரம் வெயிலில் சுட்டது. துண்டைச் சுற்றிப் பிடித்துச் சுற்றினான். முதல் சுற்றில் கீழே ஏதோ பிடித்திருந்தது. பலம் கொடுத்ததும் நழுவி விட்டது. அதன்பிறகு எண்ணெய் போட்டதுபோலச் சுற்றியது. பத்து. பதினைந்து. இருபத்திரண்டு. ஷட்டர் முழுக்க மேலே வந்துவிட்டது. அதற்கு மேல் சக்கரம் போகாது.

சுரங்கத்தின் உறுமலுக்குக் காத்திருந்தான்.

உறுமல் வரவில்லை.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டி, கரையின் மறுபக்கம் பார்த்தான். சுரங்க வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஒரு பல்லி அதன் நடுவில் வெயில் காய்ந்தது. திரும்பி அணையைப் பார்த்தான். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே இறங்கியது. ஆறடி. ஐந்தரை. அளவுக்கல்லின் எண்கள் ஒவ்வொன்றாக ஈரத்தோடு வெளியே வந்தன. எங்கே போகிறது என்று தெரியவில்லை. சத்தம் இல்லை. சுழி இல்லை. நுரை இல்லை. ஒரு பெரிய வாய் மெதுவாக உறிஞ்சுவதுபோல இறங்கியது.

மீன்கள் வந்தன.

கோபுரத்தின் அடியில் கூடின. கட்லா, ரோகு, கெண்டை, விரால். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தோளோடு தோள் நெருக்கும் ஜனம்போல. எல்லாத் தலையும் மேலே. எல்லா வாயும் திறந்து மூடின. அவனைப் பார்த்து. யாரும் கை தட்டவில்லை, தவிடு போடவில்லை. தானாக வந்தன. அவனிடம்.

இத்தனை நாள் ஆசைப்பட்டது இதற்குத்தான் என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு அவற்றின் கண்களைப் பார்த்தான். மீனுக்கு இமை கிடையாது. இவை இமைத்தன.

பின்னால் நகர்ந்தான். முதுகு சக்கரத்தில் இடித்தது.

நான்கடி. மூன்று. சேறு தெரிந்தது. மீன்கள் சேற்றில் இறங்கின. துடிக்கவில்லை. புரளவில்லை. சேற்றின்மேல் வரிசையாக, தலையெல்லாம் இப்போது அணையின் நடுக்குழியை நோக்கி, செவுளை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. வெயில் சாய்ந்தது. மலையின் நிழல் சேற்றின்மேல் நீண்டு வந்தது. அவன் சக்கரத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டான். சுரங்க வாசனை அவன் சட்டையிலிருந்தே வந்தது.

மணி ஆறு இருக்கும். ஜனம் வந்தது.

கீழ்மடுப் பக்கமிருந்து ஒரு வரிசை. மலையிலிருந்து ஒரு வரிசை. குடம், தவலை, பிளாஸ்டிக் பக்கெட். யாரும் பேசவில்லை. கரையேறி, அவன் இருந்த கோபுரத்தைக் கடந்து, அணைக்குள் இறங்கினார்கள்.

"போவாதீங்க," என்று கத்தினான். "சேறு. உள்ள இழுத்துடும். தண்ணி இல்ல, போவாதீங்க."

கொளஞ்சியப்பன் மட்டும் அண்ணாந்து பார்த்தார். "இருக்குதுங்களே," என்றார். "சாரு வெச்சிருக்காரு."

சேறு அவர்களை இழுக்கவில்லை. மீன் வரிசைகளுக்கு நடுவில் விட்டிருந்த வழியில் நடந்தார்கள். நடுக்குழியில் இடுப்பளவுத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதில் வியாகுலம் நின்றான்.

அதே சட்டை. ஒரு பக்கத் தோள் கீழே நசுங்கித் தொங்கியது. தலை அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஐந்து நாள் ஊறிய தோல் வெளுத்து, விரல்களில் கையுறைபோலக் கழன்றிருந்தது. கழுத்தில் சிலுவை ஆடியது. காற்றில்லை. ஆடியது.

முதலில் சாலம்மாள். குடத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் குனிந்து, குடத்தின் வாயில் தன் வாயை வைத்தான். வயிறு சுருங்கியது. குடம் நிறையும் சத்தம் கரைவரை கேட்டது. முதலில் ஆழமாக, பிறகு மெல்லியதாக. நிறைந்ததும் நிமிர்ந்தான். தாடை மூடவில்லை. அதற்குள் வெள்ளையாக ஒன்று வாலை அசைத்து உள்ளே போனது.

"வரேங்க சார்," என்று சாலம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்து கொளஞ்சியப்பன். அடுத்தவர். அடுத்தவர். யாரும் முந்தவில்லை. யாரும் யாருடைய குடத்தின் அளவையும் பார்க்கவில்லை. கீழ்மடுக்காரனுக்குப் பின்னால் மலைக்காரன், அவனுக்குப் பின்னால் மறுபடி கீழ்மடுக்காரன். ஒவ்வொரு குடத்துக்கும் அவன் குனிந்தான். ஒவ்வொரு முறையும் குழியில் தண்ணீர் ஒரு விரல் குறைந்தது, ஒரு விரல் ஏறியது.

வரிசையில் பச்சையம்மாள் நின்றாள்.

வீரமுத்து அவள் பெயரைச் சொன்னான். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். நல்ல நாளுக்குக் கட்டும் மஞ்சள் புடவை. அவள் முறை வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வியாகுலத்தின் நெற்றிச் சேற்றைத் துடைத்தாள். துணியோடு கொஞ்சம் தோலும் வந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. குடத்தை நீட்டினாள். அவன் குனிந்தான். மற்றவர்களுக்கு நின்றதைவிட அதிக நேரம் குனிந்திருந்தான்.

வீரமுத்துவின் தொண்டை வறண்டிருந்தது. தாகத்தையும் பயத்தையும் முந்திக்கொண்டு, இப்போதும், இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், முதலில் வந்தது பொறாமைதான்.

பச்சையம்மாள் குடத்திலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கோபுரத்தின்மேல் இருந்த புருஷனை அண்ணாந்து பார்த்தாள். வரிசையில் நின்ற எல்லாரும் அவளோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். சேற்றில் கிடந்த மீன்களும் தலையைத் திருப்பின.

அவள் இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சொம்பை எடுத்து நீட்டினாள். "அவருக்கும் குடுங்க," என்றாள். "காத்தாலருந்து ஒண்ணும் குடிக்கல."

வியாகுலம் சொம்பை வாங்கிக்கொண்டான். சாய்ந்த தலையைக் கையால் பிடித்து நேராக்கினான். பிறகு தண்ணீரை விட்டுச் சேற்றில் காலெடுத்து வைத்து, மீன்கள் ஒதுங்கி விட்ட வழியில், கோபுரத்தைப் பார்த்தபடி, வாயைத் திறந்துகொண்டே நடந்து வந்தான்.